தைராய்டு மாத்திரை கொழுப்பையும் இறக்கிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 36. முழு உடல் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 6.8, எல்.டி.எல். கொழுப்பு 158 என்று வந்தது. டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) சரியாக இருக்கிறது. தைராய்டு மாத்திரை போட்டாலே கொழுப்பும் இறங்கிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். ‘தைராய்டு பொடி’ ஒன்றும் விற்கிறார். நம்பலாமா?

பதில்: அவர் சொன்னதில் கால்வாசி உண்மை. ரத்தத்திலிருக்கும் எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்வது கல்லீரல். அந்த வேலை ஒழுங்காக நடக்கத் தைராய்டு ஹார்மோன் வேண்டும். ஹார்மோன் நன்றாகவே குறைந்தவருக்குக் கொழுப்பு தேங்கும். தைராய்டு மாத்திரையான லெவோதைராக்ஸின் கொடுத்தால் கணிசமாக இறங்கும். உங்களுக்குத்தான் டி4 குறையவில்லையே! உங்கள் நிலையில் மாத்திரையால் எல்.டி.எல். சராசரியாகப் பத்துப் புள்ளி இறங்கலாம். 158 போய் 148 வரும், அவ்வளவுதான்.

முதலில், இரண்டு மூன்று மாதம் கழித்து டி.எஸ்.எச்.சை மறுபடி பாருங்கள். பலருக்குத் தானாகவே இறங்கியிருக்கும். ஆனால் பரிசோதனைக்கூடம் 6.8 என்பதைச் சிவப்பில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறது. பார்த்தவருக்கு அன்றிரவு தூக்கம் போகிறது. மருத்துவருக்கோ மாத்திரை எழுத அரை நிமிடம், ஏன் வேண்டாம் என்று விளக்கப் பத்து நிமிடம். வெளியே வரிசை நிற்கும்போது எது நடக்கும்?

அந்தப் பொடியைத் தொடாதீர்கள். இப்படி விற்கப்படும் சிலவற்றைச் சோதித்தபோது, உறையில் ஒரு வார்த்தை இல்லாமல் உள்ளே நிஜ ஹார்மோனே இருந்தது. அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். வேறு சிலவற்றில் கடற்பாசி அயோடின். அதுவும் மிஞ்சினால் தைராய்டையே முடக்கும். இன்னொரு வேடிக்கை பயோட்டின் என்ற வைட்டமின். முடி வளர என்று சேர்ப்பார்கள். சில பரிசோதனை முறைகளில் அது டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். 6.8 என்பது 3 ஆனதும் ‘பார்த்தீர்களா, பொடி வேலை செய்கிறது’ என்பார் விற்றவர். சுரப்பி இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கும். பயோட்டின் சாப்பிடுகிறவர் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா? ஆம் என்றால் மேலே சொன்ன காத்திருப்பு உங்களுக்கு இல்லை. கருவின் முதல் சில மாதங்களில் சிசுவுக்குத் தைராய்டு ஹார்மோன் தாயிடமிருந்துதான் போக வேண்டும். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், 6.8க்கே பெரும்பாலும் மாத்திரை தொடங்குவார்கள். ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவருக்குக் கரு தரித்ததும் அளவைக் கூட்ட வேண்டிவரும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடக்கூடாது. கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரையோ கருத்தரிக்கும் திட்டம் இருக்கும்போது பொதுவாகத் தவிர்க்கப்படுவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நிறுத்திவிடாதீர்கள்.

திட்டம் ஏதும் இல்லையென்றால், 158க்கு ஸ்டாட்டின் வேண்டுமா என்பதை ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.