ஏற்காடு ஏற எந்த சைக்கிள்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு மலையில் ஓட்ட மவுண்டன் பைக் வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். முன்னாலும் பின்னாலும் ஷாக் வைத்த ஒன்றைக் காட்டி "மலைக்கு இதுதான் சார்" என்கிறார்கள். வாங்கலாமா? (அம்மாப்பேட்டை வாசகர்)

வேண்டாம். பின் ஷாக்கோடு உருப்படியான சைக்கிள் லட்ச ரூபாய்க்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. இருபதாயிரத்துக்குக் கிடைப்பதில் இருப்பது வெறும் ஸ்பிரிங். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் எழுந்து நின்று மிதிக்கும்போது அந்த ஸ்பிரிங் உங்களோடு சேர்ந்து குதிக்கும், நீங்கள் போடுகிற பலத்தில் ஒரு பங்கை அதுவே சாப்பிட்டுவிடும். போதாததற்குக் கூடுதல் எடை வேறு. கடையில் உட்கார்ந்து அமுக்கிப் பார்க்கும்போது சொகுசாகத்தான் இருக்கும், அதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

மலையில் ஏறுவதற்கு கியர், இறங்குவதற்கு பிரேக். காசை இந்த வரிசையில் போடுங்கள், மிச்சம் இருந்தால் முன் ஷாக்கைப் பற்றி யோசிக்கலாம்.

கியர் விஷயத்தில் "21 ஸ்பீடு, 24 ஸ்பீடு" என்று ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் எண்ணிக்கை ஏற்றத்துக்கு ஒன்றும் சொல்லாது. பார்க்க வேண்டியது இரண்டு பல்சக்கரங்கள்தான்: பெடல் பக்கம் இருப்பதில் மிகச் சிறியது, பின்சக்கரத்தில் இருப்பதில் மிகப் பெரியது. பற்களின் எண்ணிக்கை பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும், இல்லாவிட்டால் குனிந்து உட்கார்ந்து எண்ணுங்கள், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். முன்னால் 24, பின்னால் 28 என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்றுக்கும் கம்மியாகத்தான் சுற்றும், அதாவது 0.86. உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கி வாங்கி ஏறிவிடலாம். பின்னால் 34 கிடைத்தால் இன்னும் நல்லது, 0.71. ஆனால் இப்போது பார்வைக்கு ஸ்டைலாக இருக்கிறது என்று முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம், அதுவும் 36 பல்லோடு, பின்னால் வெறும் 28 என்று வருகிற மாடல்கள் இருக்கின்றன. கணக்கு 1.29 வருகிறது. சாரதா கல்லூரி ரோட்டில் பறக்கலாம், மலையில் மூன்றாவது வளைவிலேயே இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

பிரேக்குக்கு இந்த விலையில் கேபிளால் இயங்கும் டிஸ்க் போதும். இன்னும் சில ஆயிரம் சேர்க்க முடியும் என்றால் ஆயில் பிரேக் உள்ளதாகப் பாருங்கள், இரண்டு விரலால் பிடித்தாலே நிற்கும், நீண்ட இறக்கத்தில் கை வலிக்காது. கடையிலேயே சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு டிஸ்க் தட்டை மட்டும் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் "சிர்... சிர்..." என்று உரசினால் தட்டு வளைந்திருக்கிறது. "ஓட்ட ஓட்ட சரியாயிடும்" என்பார்கள், ஆகாது, அங்கேயே நிமிர்த்தித் தரச் சொல்லுங்கள்.

டயர் 2.1 முதல் 2.25 அங்குலம் இருந்தால் தாராளம். நாலு அங்குல குண்டு டயர் மணலுக்கும் பனிக்கும் செய்தது, நமக்கு எதற்கு அந்தச் சுமை. கடைசியாக சைஸ். இருப்பில் இருக்கிற சைஸைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இரண்டு காலையும் ஊன்றி நின்றால் குறுக்குக் கம்பிக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடம் இருக்க வேண்டும்.

கேள்வி: ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பாதி வழியிலேயே கருகிய வாடை வந்தது, அடிவாரம் வருவதற்குள் பிரேக் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. கடையில் வாரண்டி கிடையாது என்கிறார்கள். (கன்னங்குறிச்சி வாசகர்)

பிரேக் பேட் தேய்கிற சாமான், அதற்கு வாரண்டி கேட்டால் எந்தக் கடையிலும் தரமாட்டார்கள், அதில் தப்பும் இல்லை. இருபது வளைவும் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் சூடு வெளியேற வழியே இல்லை, பேட் முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகி அப்புறம் பிடிக்காது. நேர் ரோட்டில் பிரேக்கை விட்டுவிடுங்கள், வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், மறுபடி விடுங்கள். நடுவில் நிறுத்தி டீ குடித்தாலும் நல்லதுதான். தட்டைத் தொட்டுப் பார்க்க மட்டும் வேண்டாம், தோல் உரிந்துவிடும்.

கேபிள் டிஸ்க்கில் பேட் தேயத் தேய நாம்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். உட்பக்கத்து பேடுக்குத் தனித் திருகு இருக்கும், அதை யாரும் சொல்லித் தருவதில்லை. புது பேட் போடும்போது மெட்டல் பேட் கேட்கலாம், சூடு தாங்கும். அதற்கு முன் டிஸ்க் தட்டில் "ரெசின் பேட் ஒன்லி" (பிசின் பேட் மட்டும்) என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் மெட்டல் போடக்கூடாது, தட்டு சீக்கிரம் தேய்ந்துபோகும்.

லீவர் தொட்டதற்குக் காரணம் பேட் இல்லாமல் கேபிள் நழுவியதாகவோ, பேடை அழுத்திப் பிடிக்கிற காலிப்பர் உடைந்ததாகவோ இருந்தால் கதை வேறு, அது பொருளின் குறை. அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய சைக்கிளில் ஃபிரேம் வெல்டிங் ஓரம் விரிசல். "மலையில் ஓட்டினீர்கள், அதனால் வாரண்டி செல்லாது" என்று விற்றவர் மெயில் அனுப்பிவிட்டார். (சூரமங்கலம் வாசகர்)

மவுண்டன் பைக் என்று பேர் வைத்து விற்றுவிட்டு மலையில் ஏன் ஓட்டினாய் என்று கேட்பது நல்ல வேடிக்கை. ஆனாலும் வாரண்டி அட்டையைப் பொடி எழுத்து உட்பட படியுங்கள். பல கம்பெனிகள் குதிப்பது, போட்டியில் ஓட்டுவது, எடை வரம்பைத் தாண்டுவது இதையெல்லாம் விலக்கி வைத்திருப்பார்கள். சாதாரணமாக மண் பாதையில் ஓட்டுவதை விலக்கியிருந்தால், விளம்பரத்தில் போட்ட மலைப்படமே உங்களுக்குச் சாட்சி. அந்தப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

விரிசலைக் கிட்டத்தில் ஒன்று, முழு சைக்கிளும் தெரிய ஒன்று, பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் நம்பர் தெரிய ஒன்று என்று படம் எடுங்கள். வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், அதோடு உங்கள் வழக்கும் போய்விடும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள், நிறைய பேருக்கு அந்தக் கட்டத்திலேயே பதில் வந்துவிடுகிறது. வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. குறை தெரிந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாதபோது, 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும், பில்லே தராமல் விற்பதும் அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம் என்றே இருக்கிறது.

கேள்வி: ஏற்காட்டில் காட்டுக்குள் டிரெயில் ஓட்டக் கூட்டிப்போகிறோம் என்று ஒரு குழு தலைக்கு 1,500 ரூபாய் கேட்கிறது. நம்பிக் கட்டலாமா? (ஃபேர்லேண்ட்ஸ் வாசகி)

கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பாதை யாருடைய இடத்தில் போகிறது? ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் பெரும்பகுதி ஒன்று காப்புக்காடு, இல்லையென்றால் காப்பித் தோட்டம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், அபராதம் உங்கள் தலையிலும் விழும். எஸ்டேட் ஜீப் பாதை என்றால் உரிமையாளர் சம்மதம் வேண்டும். காய் பறிக்கிற மாதங்களில் அந்தப் பாதையில் ஆட்கள் மூட்டையோடு நடப்பார்கள், நீங்கள் பாய்ந்து இறங்கினால் யாருக்குப் பிடிக்கும்? அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் நாங்க பார்த்துக்குறோம் மேடம்" என்றால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். 1,500-ல் சைக்கிள் வாடகை, ஹெல்மெட், முதலுதவி, பின்னால் வருகிற வண்டி இதில் எதெல்லாம் சேர்த்தி என்று எழுதி வாங்குங்கள்.

காசே கொடுக்காமல் ஓட்டவும் இடம் இருக்கிறது. அயோத்தியாப்பட்டணம் தாண்டி குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏறும் ரோடு, மெயின் மலைப்பாதையைவிட வண்டி கம்மி, ஆனால் குறுகலும் செங்குத்தும் அதிகம். மேலே போனால் 32 கிலோமீட்டர் லூப் ரோடு, சில்வர் ஓக் நிழலில் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும், பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் இல்லை என்பேன். விடியற்காலையும் மாலையும் காட்டெருமை ரோட்டுக்கு வரும். பார்த்தால் இறங்கி நில்லுங்கள், மணி அடிக்காதீர்கள், அது போன பிறகு போகலாம். ஐப்பசி மழையில் பாறை உருளும் பாதை இது, அந்த வாரங்களில் ஊரிலேயே கஞ்சமலைப் பக்கம் ஓட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கினால் மிதிக்காமலே ஏற்காடு போகலாமா? (சேலம் ஜங்ஷன் வாசகர்)

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் 75 கிலோ, சைக்கிள் 25 கிலோ, அடிவாரத்திலிருந்து ஏற வேண்டிய உயரம் சுமார் 1,100 மீட்டர். அதற்கே 300 வாட்-அவர் மின்சாரம் வேண்டும், மோட்டார் சூட்டில் போகிறதும் காற்றும் தனி. சாதாரணமாக வருகிற 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 270. ஆக, போகாது. பாதியை நீங்கள் மிதித்தால் போகும், அதுவும் சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டார் செங்குத்தில் மெதுவாகச் சுற்றும்போது ரொம்பச் சூடாகும் என்பதால் நடுநடுவே ஓய்வு தர வேண்டும். இறங்கும்போது தானே சார்ஜ் ஏறும் என்று விற்பவர் சொன்னால், செய்து காட்டச் சொல்லுங்கள். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் என்றால்தான் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. "ரகசிய பட்டன் அமுக்கினால் 40 போகும்" என்று விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: பைக் ஹெல்மெட்டே போதாதா? (குகை வாசகர்)

ஏற்றத்தில் வெந்துவிடுவீர்கள், அப்புறம் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவீர்கள். இ.என். 1078 (சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம்) என்று உள்ளே ஸ்டிக்கர் ஒட்டிய சைக்கிள் ஹெல்மெட் வாங்குங்கள்.

கேள்வி: ஜி.எஸ்.டி. குறைந்தது என்கிறார்களே, பில்லில் எதைப் பார்ப்பது? (செவ்வாய்ப்பேட்டை வாசகர்)

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. பில்லில் 5 என்று இருக்கிறதா பாருங்கள். ஃபிரேம் நம்பரையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். அப்படியே டியூபின் வால்வு எந்த வகை என்றும் கேட்டுவிடுங்கள்: பைக்குக்கு இருக்கிற மாதிரி தடித்த வால்வு என்றால் எந்த பஞ்சர் கடையிலும் காற்று பிடிக்கலாம், ஒல்லி வால்வு என்றால் சின்ன பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.