டைட்டானியமா, செராமிக்கா? இடுப்பு மூட்டு குறித்த வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 46. இரத்த ஓட்டம் தடைபட்டு வலது தொடை எலும்பின் தலைப்பகுதி சிதைந்துவிட்டதால், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளும்படி மருத்துவர் கூறிவிட்டார். டைட்டானியம் மூட்டு பொருத்தலாம் என்கிறார் அவர். உறவினர் ஒருவரோ, முழுவதும் செராமிக்கில் செய்ததுதான் அசையாமல் நிற்கும் என்கிறார். எது உறுதியானது?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ‘அசையாமல் நிற்கும்’ என்று உங்கள் உறவினர் சொன்னதற்குள் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. பொருத்திய பாகம் எலும்போடு பிணைந்து தளராமல் இருக்குமா என்பது ஒன்று. பந்து தன் கிண்ணத்தை விட்டு நழுவாமல் இருக்குமா என்பது மற்றொன்று. முன்னதில் உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நேரடிப் பங்கு உண்டு. பின்னதில் அவற்றின் பங்கு மறைமுகமானது.

அடுத்ததாக, இன்று பொருத்தப்படும் செயற்கை இடுப்பு மூட்டு எதுவும் ஒரே பொருளால் ஆனதன்று. தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு, அதன் உச்சியில் அமரும் பந்து, இடுப்பெலும்பில் பதியும் கிண்ணம், கிண்ணத்துக்குள் பொருந்தும் லைனர் என்று பெரும்பாலும் நான்கு பாகங்கள் உண்டு. மருத்துவர் ‘டைட்டானியம் மூட்டு’ என்று சொல்லும்போது, தண்டையும் கிண்ணத்தையும் மட்டுமே குறிப்பிடுகிறார் என்று கொள்ளலாம். டைட்டானியத்தின் மேற்பரப்பு எளிதில் கீறல் விழுந்து தேய்வது என்பதால், உராயும் பந்தாக அதைப் பயன்படுத்துவதில்லை.

எலும்போடு சேர்ந்திருக்கும் இடத்தில் டைட்டானியம் சிறப்பாக நடந்துகொள்கிறது. அதன் விறைப்பு கோபால்ட் குரோமியக் கலவையின் விறைப்பில் ஏறத்தாழப் பாதிதான். ஆனாலும் எலும்பைவிடப் பல மடங்கு அதிகம். தண்டு மிகவும் விறைப்பாக இருந்தால் உடலின் சுமையைத் தானே தாங்கிக்கொள்ளும். வேலையில்லாமல் போன எலும்பு, மாவுக்கட்டுப் போட்ட கை மெலிவதைப் போலவே மெலிந்துபோகும். தண்டின் சொரசொரப்பான மேற்பரப்பில் உள்ள, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கு பங்கு வரை அகலமுள்ள நுண்துளைகளுக்குள் எலும்பு வளர்ந்து புகுவதே எலும்பு சிமெண்ட் எனும் நிரப்புப் பொருள் இல்லாமல் பொருத்தும் முறையின் அடிப்படை. ஆனால் தொடக்க வாரங்களில் தண்டுக்கும் எலும்புக்கும் இடையே 150 மைக்ரானுக்கு (0.15 மில்லிமீட்டருக்கு) மேல் அசைவு இருந்துவிட்டால், அங்கே எலும்புக்குப் பதிலாக நார்த்திசுதான் வளரும். ஆகவே எவ்வளவு விலையுயர்ந்த உலோகமாக இருந்தாலும், அறுவை மேசையில் அது இறுக்கமாக அமர்ந்ததா என்பதே முதல் கேள்வி.

பல ஆண்டுகள் கழித்து வரும் தளர்வின் கதை வேறு. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1958 முதல் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தினார். வழுக்கும் தன்மையில் அதற்கு இணையில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே அது தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் சுற்றுத்திசுவைக் கெடுத்தன. நூற்றுக்கணக்கானோருக்குப் பொருத்திய பின்னர் தெரியவந்த உண்மை இது. 1962இல் அவர் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார். அந்தப் பொருள்களின் துணுக்குகளைத் தன் தொடையிலேயே செலுத்திச் சோதித்தும் பார்த்தார். பாலிஎத்திலீன் பல மடங்கு மெதுவாகவே தேய்ந்தது, ஆயினும் தேய்ந்தது. மைக்ரானைவிடச் சிறிய அதன் துகள்களை விழுங்கும் வெள்ளணுக்கள், அவற்றைச் செரிக்க முடியாமல் அழற்சி வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவை எலும்பைக் கரைக்கின்றன. எலும்பு கரைந்த இடத்தில் தண்டோ கிண்ணமோ தளர்கிறது. இந்தப் பாதிப்பை நெடுங்காலம் ‘சிமெண்ட் நோய்’ என்று அழைத்து, குற்றமற்ற சிமெண்டின் மீது பழி போட்டார்கள். 1990களின் இறுதியில் கதிர்வீச்சால் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்த பாலிஎத்திலீன் வந்த பிறகு தேய்மானம் வெகுவாகக் குறைந்தது.

பந்து நழுவுவதைத் தடுப்பதிலும் இந்த மாற்றம் உதவியது. சார்ன்லியின் பந்து 22.225 மில்லிமீட்டர், இன்று 32 அல்லது 36 மில்லிமீட்டர் பந்துகள் வழக்கில் உள்ளன. பந்து பெரிதாக இருந்தால், கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி வெளியேற அது கூடுதல் தூரம் நகர வேண்டும். ஆனால் அதே கிண்ணத்தில் பெரிய பந்து வைத்தால் லைனர் மெலிதாகிவிடும். பழைய பாலிஎத்திலீன் அதைத் தாங்கியிராது, புதியது தாங்குகிறது. எனினும், நழுவாமல் காப்பதில் கிண்ணம் வைக்கப்பட்ட கோணத்துக்கும் சுற்றியுள்ள தசைகளின் இழுவைக்கும்தான் முதலிடம் என்பதை மறந்துவிடக் கூடாது.

முழு செராமிக் மூட்டின், அதாவது பந்தும் லைனரும் செராமிக்கால் ஆனதன், தேய்மானம் மிகக் குறைவு என்பது உண்மையே. ஆனால் சிலருக்கு நடக்கும்போது கீச்சொலி கேட்கிறது. மிக அரிதாக உடைந்துவிட்டால் சில்லுகளை முழுவதும் அகற்றுவது கடினம். பந்து நழுவாமல் தடுக்க விளிம்பு உயர்த்திய லைனரைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் பாலிஎத்திலீனில்தான் உண்டு. டைட்டானியத் தண்டும் கிண்ணமும், குறுக்கே பிணைத்த பாலிஎத்திலீன் லைனரும், செராமிக் பந்தும் சேர்ந்த அமைப்பு உங்கள் வயதுக்கு எவ்வகையிலும் இரண்டாந்தரமானதன்று. ‘என்ன லைனர், எத்தனை மில்லிமீட்டர் பந்து?’ என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: 79 வயதான என் அம்மா வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. சிமெண்ட் வைத்துப் பொருத்துவதாகச் சொல்கிறார்கள். அது பழைய முறையல்லவா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: பழையதுதான், ஆனால் உங்கள் அம்மாவுக்கு ஏற்றது. முதுமையில் எலும்பு மெலிந்து பலவீனமானவர்களுக்கு சிமெண்ட் இல்லாத தண்டை இறுக்கித் தட்டி இறக்கும்போது எலும்பு விரிசல் விடும் ஆபத்து கூடுதலாக இருக்கிறது. எலும்பு சிமெண்ட் என்பது அக்ரிலிக் வகைப் பொருள். அது பசையன்று, இடைவெளியை நிரப்பிக் கெட்டியாகித் தண்டைப் பிடித்துக்கொள்வது. சிமெண்டை அழுத்திச் செலுத்தும்போது சிலருக்கு இரத்த அழுத்தம் திடீரென இறங்கக்கூடும் என்பதால், இதய நோய் இருந்தால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: 2008இல் எனக்கு உலோகக் கிண்ணமும் உலோகப் பந்தும் கொண்ட மூட்டு பொருத்தினார்கள். வலி எதுவும் இல்லை. கவலைப்பட வேண்டுமா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: வலி இல்லாவிட்டாலும் பரிசோதனை தேவை. பெரிய பந்து நழுவாது, உலோகம் பிளாஸ்டிக்கைப் போலத் தேயாது என்ற இரட்டை நம்பிக்கையில்தான் இவ்வகை மூட்டுகள் பரவின. ஆனால் கிண்ணம் சற்றுச் செங்குத்தாக அமைந்துவிட்டாலும் பந்து விளிம்பிலேயே உராய்ந்து, கோபால்ட், குரோமியம் அயனிகள் திசுவிலும் இரத்தத்திலும் கலந்தன. இவ்வகையைச் சேர்ந்த, டிப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் மூட்டு 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவிலும் பலருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. இதில் வேதனையான முரண் ஒன்று உண்டு. கெட்டுப்போன திசுவோடு இடுப்பைத் தாங்கும் தசைகளும் அழிந்துவிட்டால், மறு அறுவையில் வைக்கப்படும் புதிய மூட்டு நழுவும் வாய்ப்பு அதிகமாகிறது. நழுவாமல் இருப்பதற்காகத் தேர்ந்தெடுத்த பொருளே இறுதியில் நழுவலுக்கு வழிவகுத்துவிடுகிறது. தாமதமின்றிப் பரிசோதிக்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவுகளைப் பாருங்கள். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் மேலும் ஆராய வேண்டும் என்பது பிரிட்டனின் மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பு வகுத்த வரம்பு. உலோகத்தின் நிழலைக் குறைக்கும் முறையில் எம்ஆர்ஐ எடுப்பதும் அவசியமாகலாம். எந்த வகை மூட்டு என்பதை அறிய, அறுவை சிகிச்சைக் குறிப்பில் ஒட்டப்பட்டிருக்கும் தயாரிப்பு எண் கொண்ட சிறு ஸ்டிக்கரைத் தேடுங்கள். உங்களிடம் இல்லையென்றால், அறுவை நடந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள்.