கல்லாவில் பணம் குறைந்தால் கையெழுத்துப் போட வேண்டுமா?

கேள்வி: கோவையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஆறு வருடமாக கேஷியராக இருக்கிறேன். போன வாரம் என் கவுண்டரில் 18,400 ரூபாய் குறைந்தது. "நான்தான் எடுத்தேன்னு எழுதிக் கொடுத்து ரிசைன் பண்ணிட்டா போலீசுக்குப் போக மாட்டோம்" என்றார் மேனேஜர். மறுத்தேன். உடனே சஸ்பெண்ட் செய்து, 3 நாளில் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்துவிட்டார்கள். என் லாகினில் மதிய ஷிஃப்ட் தம்பி ஒருவரும் பில் போடுவார். அவர் மேல்தான் எனக்குச் சந்தேகம். பதிலில் அவர் பெயரை எழுதலாமா?

பதில்: எழுதிக் கொடுக்காமல் வந்தீர்களே, அதுவே பெரிய விஷயம். "எடுத்தேன்" என்று ஒரு வரி இருந்தால் விசாரணையில் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். ராஜினாமா ஏற்கப்பட்டால், அது பணிநீக்கமே அல்ல என்று வாதிட்டு, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவில் உங்களுக்குள்ள மேல்முறையீட்டையும் அடைக்கப் பார்ப்பார்கள். பிரச்சினை தீரட்டும் என்று பணத்தைக் கட்டுவதும் ஒப்புதலாகவே படிக்கப்படும்.

மூன்று நாளுக்குள் முழு விளக்கம் தர வேண்டியதில்லை. குற்றச்சாட்டை மறுக்கிறேன், இந்த ஆவணங்களைப் பார்த்தபின் விரிவாகப் பதில் தருகிறேன், அவகாசம் வேண்டும் என்று கடிதம் கொடுங்கள். மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். அன்றைய பில் வாரியான அறிக்கை, லாகின் நேரப் பதிவு, ரத்து மற்றும் ரீஃபண்ட் பில்கள், காலையில் கல்லாவில் வைத்த சில்லறைத் தொகை, ஷிஃப்ட் மாறும்போது நோட்டு எண்ணி எழுதிய சீட்டு, யுபிஐ வரவுக் கணக்கு ஆகியவற்றைக் கேளுங்கள். சிசிடிவி பதிவை அழியாமல் வைக்கும்படி இன்றே தனிக் கடிதம் கொடுங்கள். பல கடைகளில் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

இதில் யுபிஐ கணக்கைத்தான் முதலில் பார்ப்பேன். வாடிக்கையாளர் ஜிபேயில் கட்டியதை பில்லில் 'கேஷ்' என்று அழுத்திவிட்டால், கல்லாவில் அவ்வளவு குறையும், வங்கிக் கணக்கில் அவ்வளவு கூடும். திருட்டு என்று பேசப்படும் குறைவு சில சமயம் இவ்வளவுதான்.

தம்பியின் பெயரை எழுதாதீர்கள். ஆதாரமில்லாமல் மேனேஜர் உங்களுக்குச் செய்ததை நீங்கள் அவருக்குச் செய்வதாகும். பொய்ப்புகார் என்று உங்கள் மேல் இன்னொரு மெமோவும் வரலாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள்: அந்த லாகினை இருவர் பயன்படுத்தினார்கள், எந்த நேரம் யார் கவுண்டரில் இருந்தார் என்று. ஆனால் கவனம், பாஸ்வேர்டைப் பகிர்ந்ததே தனிக் குற்றச்சாட்டாகலாம். சூப்பர்வைசர் சொல்லித்தான் அப்படி நடந்தது என்றால் அந்த வாட்ஸ்அப் தகவலை இணையுங்கள்.

மெமோவுக்குப் பின் நிர்வாகம் உள்விசாரணை நடத்தினால் அதற்குக் கட்டாயம் போங்கள். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக முடித்துவிடுவார்கள். நிர்வாகச் சாட்சிகள் உங்கள் எதிரில் பேச வேண்டும், நீங்கள் குறுக்கு விசாரணை செய்யலாம். வழக்கறிஞரைப் பெரும்பாலும் விடமாட்டார்கள், துணைக்குச் சக ஊழியரைக் கேளுங்கள். நடவடிக்கைக் குறிப்பைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். நீதிமன்றத்தில் போல ஐயத்துக்கு இடமின்றி இங்கே நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்றாலே போதும், அதனால் அலட்சியம் வேண்டாம். அறிக்கை பாதகமாக வந்தால் தண்டனைக்கு முன் அதன் நகலைத் தந்து உங்கள் பதிலைக் கேட்க வேண்டும். 1993-ல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

போலீஸ் புகார் வந்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 306-வது பிரிவு, அதாவது ஊழியர் செய்த திருட்டு. 7 ஆண்டு வரை சிறை. ஆனால் புகார் கொடுத்தவுடன் கைது என்று இல்லை. ஏழாண்டு வரையிலான குற்றங்களில் பொதுவாக முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தருவார்கள். அது வந்தால் தவறாமல் ஆஜராகுங்கள், கைது பயம் இருந்தால் முன்ஜாமீன் மனு போடலாம்.

சஸ்பெண்ட் ஆனவருக்குத் தமிழ்நாட்டின் 1981-ம் ஆண்டுச் சட்டப்படி பிழைப்பூதியம், அதாவது சஸ்பெண்ட் காலத்துக்கான உதவித்தொகை உண்டு: முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்து 180-வது நாள் வரை 75, அதற்கு மேல் முழுச் சம்பளம். தாமதம் உங்களால் நேர்ந்ததாக இருக்கக் கூடாது, இடையில் வேறு வேலைக்கும் போகக் கூடாது. இந்த மாதமே எழுத்தில் கேளுங்கள்.