‘தவிர’ என்று கழித்துவிட்டவை

கேள்வி: நான் கடலூர் உப்பலவாடியில் வசிக்கிறேன். வயது 42. லாரன்ஸ் சாலைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் 16 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். என்னோடு பிளஸ் டூ படித்தவர்களில் ஒருத்தி வங்கி மேலாளர், இன்னொருத்தி தலைமையாசிரியை. நானோ சேர்ந்த நாளில் உட்கார்ந்த அதே நாற்காலியில் இருக்கிறேன். ஜிஎஸ்டி வந்தபோது கணினியில் கணக்குப் போடக் கற்றுக்கொண்டதைத் தவிர, புதிதாக எதையும் செய்ததில்லை. கடைக்கு வந்த இரண்டு பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததைத் தவிர, யாருக்கும் பயன்பட்டதில்லை. ‘தானே’ புயலில் காடாம்புலியூரில் அப்பாவின் முந்திரித் தோப்பு சாய்ந்தபோது மூன்று நாள் சாப்பிடாமல் அழுதேன். 2024 வெள்ளத்தில் மாமியாரை வடலூருக்கு அனுப்பி, வீட்டுச் சாமான்களை மேலே ஏற்றி, கடைக்கும் ஓடி அலைந்ததைத் தவிர, அழக்கூட நேரம் இல்லை. ஒன்றே ஒன்றுதான் வளர்ந்திருக்கிறது: பொறுமை. இப்போதெல்லாம் வீட்டிலும் கடையிலும் யார் என்ன சொன்னாலும் நான் பதில் பேசுவதில்லை. இத்தனை ஆண்டுகளில் நான் வளர்ந்திருக்கிறேனா, தேய்ந்திருக்கிறேனா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்: சகோதரி, உங்கள் நான்கு பக்கக் கடிதத்தை இந்தப் பக்கத்துக்காகச் சுருக்கியபோது ஒரு சொல்லின் மீது மட்டும் கத்தரி வைக்க எனக்கு மனம் வரவில்லை. முழுக் கடிதத்திலும் ‘தவிர’ என்ற சொல் ஒன்பது இடங்களில் வருகிறது. ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஓர் உருப்படியான காரியத்தை எழுதி, உடனே அதைக் கழித்துவிட்டு, மிச்சம் ஒன்றுமில்லை என்கிறீர்கள். கழித்தவற்றையெல்லாம் நான் திரும்ப எடுத்துக் கூட்டிப் பார்த்தேன்.

முதலில் ஜிஎஸ்டி. 2017 ஜூலை 1ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தபோது மற்ற வியாபாரங்களைவிட ஜவுளிக்கடைகள் அதிகம் தடுமாறின என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அதுவரை துணிக்குப் பெரும்பாலும் விற்பனை வரியே இல்லாதிருந்த நிலை போய், மீட்டர் துணிக்கு 5 சதவீதம், ஆயத்த ஆடை என்றால் 1,000 ரூபாய்க்குள் 5 சதவீதம், அதைத் தாண்டினால் 12 சதவீதம் என்று ஒரே மேஜையில் ஒரே பில்லில் பிரித்துப் போட வேண்டியதாயிற்று. மாதம் பிறந்தால் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20ஆம் தேதிக்குள் வரிக்கணக்கு என்ற ஓட்டமும் சேர்ந்துகொண்டது. பேரேட்டில் கையால் எழுதிப் பழகிய எத்தனையோ கணக்கர்கள் இதைக் கண்டு வேலையை விட்டே விலகினார்கள். முப்பது வயதைத் தாண்டியபின், யாரும் வகுப்பு நடத்தாமல், கடை நேரம் முடிந்தபிறகு உட்கார்ந்து இதைக் கற்றவர் நீங்கள் என்று உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கம் சொல்கிறது. அதைக் ‘கற்றுக்கொண்டதைத் தவிர’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்பதுதான் என் கேள்வி.

உங்கள் தொழிலின் மொழியிலேயே பேசுகிறேன். ஆண்டு முடிவில் தொடக்கச் சரக்கிருப்பைப் போடாமல் லாப நட்டக் கணக்கு எழுதிக்கொண்டு போனால் உங்கள் முதலாளி அந்தத் தாளைக் கையில் வாங்குவாரா? நீங்களே எழுத மாட்டீர்கள். ஆனால் சொந்த வாழ்க்கைக்கு அதைத்தான் செய்திருக்கிறீர்கள். 26 வயதில் அந்தக் கடைப்படியை ஏறியபோது உங்களிடம் என்ன இருந்தது, என்ன இல்லை என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்குப் பதிலாக வங்கி மேலாளர் தோழியின் முடிவிருப்பை எடுத்து, உங்கள் முடிவிருப்புக்குப் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தை உங்கள் நட்டம் என்று காட்டுகிறீர்கள். இன்னொருவர் கடைப் பேரேட்டிலிருந்து எடுத்த தொகை உங்கள் கணக்கில் எப்படி ஏறும்?

தொடக்க இருப்பு உங்கள் கடிதத்திலேயே, நீங்கள் கவனிக்காத இடத்தில் கிடக்கிறது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் ‘தானே’ புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்து, பண்ருட்டி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் அடியோடு சாய்த்தபோது மூன்று நாள் சாப்பிடாமல் அழுத பெண் ஒருத்தி. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ‘ஃபெஞ்சல்’ புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த நாள்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி உங்கள் உப்பலவாடிக்குள் புகுவதற்கு முன்பே மாமியாரைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டுப் பத்திரங்களையும் குடும்ப அட்டையையும் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பரணில் வைத்துவிட்டு, கடைக்குப் போய்ப் பில் கட்டுகளை மாடிக்கு ஏற்றிய பெண் ஒருத்தி. இருவரும் ஒருவரே என்று நீங்கள் சொல்லாவிட்டால் நான் நம்பியிருக்க மாட்டேன். ‘எல்லாம் என் தலையில்தான் விழுந்தது’ என்று இதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். சுமையைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லை என்ற அந்தக் குறை நியாயமானது. அதைக் குடும்பத்தாரிடம் கேட்டே தீர வேண்டும். ஆனால் தாங்கிய தலை 2011இல் இருந்த தலை அல்ல.

இது ஏன் உங்கள் கண்ணில் படவில்லை? ஒரு வேலை கைவந்த பிறகு, அது ஒரு காலத்தில் கைவராமல் இருந்தது என்பதே மறந்துபோகிறது. பள்ளியில் காலாண்டுக்கு ஒருமுறை மதிப்பெண் அட்டை தந்து, அதில் அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கிவரச் சொன்னார்கள். பிறகு அப்படி ஓர் அட்டையை யாரும் நீட்டுவதில்லை. வீட்டு வேலையின் கதி இன்னும் மோசம். சோறு குழைந்த அன்று பேச்சு வருமே தவிர, பதம் தவறாத ஆயிரம் நாள்களைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. (இப்போது நானும் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டேன், பாருங்கள்.) எனக்கும் இது நடந்தது. சென்ற மாதம் பழைய இதழ்களின் கட்டுத்தொகுப்பைப் புரட்டியபோது, நான் முதன்முதலில் எழுதிய தலையங்கம் கண்ணில் பட்டது. ஒரே வாக்கியத்தில் மூன்று முறை ‘மாபெரும்’ என்று எழுதியிருந்தேன். யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த ஒரே மதிப்பெண் அட்டை அந்த வெட்கம்தான்.

நீங்கள் சொல்லிக்கொடுத்த இரண்டு பெண்களும் இன்று வேறு இடங்களில் உங்களைவிடக் கூடுதல் சம்பளத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை.

இனி, நீங்களே வளர்ச்சி என்று ஒப்புக்கொண்ட ஒன்றுக்கு வருகிறேன். அதை மட்டும் நான் வளர்ச்சிக் கணக்கில் சேர்க்க மறுக்கிறேன். யார் என்ன சொன்னாலும் பதில் பேசாதிருப்பதைப் பொறுமை என்கிறீர்கள். புயலுக்குப் பின் உங்கள் அப்பா மறுபடி வைத்த முந்திரி ஒட்டுக்கன்றுகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆகவே இது உங்களுக்குப் புதிதாக இராது. ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே, வேர்க்கன்றிலிருந்து ஒரு தளிர் கிளம்பும். மேலே உள்ள நல்ல ரகத்தைவிட அதுதான் மதமதவென்று எழும். பார்க்கிறவர் மரம் நன்றாகத் தழைக்கிறது என்பார். தோப்புக்காரர் கண்டவுடனே கிள்ளி எறிவார். விட்டுவைத்தால் ஒட்டு நலிந்துபோய், வேண்டாத மரம் நிற்கும். உங்கள் மௌனம் அந்தக் கீழ்த்தளிர் என்று எனக்குப் படுகிறது. ஆறாண்டுகளாகச் சம்பளம் உயரவில்லை, கேட்கவுமில்லை என்ற வரியைக் கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். சண்டை வேண்டாம் என்று யோசித்து ஒதுங்குகிறவர் பொறுமைசாலி. கேட்டுப் பயனில்லை என்று முன்பே முடிவுகட்டிவிட்டு வாயை மூடிக்கொள்பவருக்கு வேறு பெயர் இருக்கிறது. கன்றுகளில் முதல் இரண்டு ஆண்டுகள் பூங்கொத்தைக் கிள்ளிவிடுவதும் உங்கள் அப்பா செய்ததுதான்; அது மரம் உரம் பெறுவதற்காக. மூன்றாம் ஆண்டிலிருந்து காய்க்க விட்டிருப்பார். பதினாறு ஆண்டுகள் கிள்ளிக்கொண்டே இருந்திருக்க மாட்டார்.

அதே நாற்காலி என்ற உங்கள் வருத்தத்துக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. நாற்காலி மாறாததற்குக் காரணம் நீங்கள் வளராதது அல்ல. வளர்ந்ததை முதலாளியிடம் எடுத்துச் சொல்லாதது. அவர் கண்ணுக்கு நீங்கள் இன்னும் பேரேடு எழுத வந்த பெண்தான். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வேலையில் சேர்ந்தபோது செய்தவற்றை இடப்பக்கமும் இன்று செய்பவற்றை வலப்பக்கமும் எழுதுங்கள். வரிக்கணக்கு, ஆள் பயிற்றுவித்தது, வெள்ளத்தில் பில் கட்டுகளைக் காப்பாற்றியது எல்லாம் வரட்டும். அடியில் நீங்கள் கேட்கும் தொகையை எண்ணால் எழுதி அவர் மேஜையில் வையுங்கள். அந்தத் தாளில் ‘தவிர’ என்ற சொல் இருக்கக் கூடாது. 20ஆம் தேதி கழியட்டும். அதற்கு முன் எந்த ஜவுளிக்கடை முதலாளிக்கும் காது கேட்காது என்பது எனக்கும் தெரியும்.

— ஆசிரியர்