லினக்ஸில் திரை ஹேங் ஆகிவிட்டால், சிஸ்டத்தை அணைக்காமல் திரையை மட்டும் நிறுத்தித் திரும்பத் தொடங்க முடியுமா?

முடியும். பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது கடைசி வழி.

கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டம் என்றாலும் கடைக்கு வருவதில் பாதி தமிழ் வேலை. கேரளப் பள்ளிகளில் ஐடி பாடமே லினக்ஸில்தான் என்பதால் வேலைக்கு வரும் பையன்களுக்கு உபுண்டு என்ற லினக்ஸ் புதிதில்லை. கடையிலும் அதுதான்.

மாரியம்மன் நோம்பி நோட்டீஸ் 200 காப்பி ஓடிக்கொண்டிருந்த நேரம், திரை அப்படியே நின்றுவிட்டது. மவுஸ் அம்பு அசையவில்லை. கமிட்டிக்காரர்கள் பெஞ்சில் காத்திருக்கிறார்கள். நானோ பேப்பர் வாங்கப் பொள்ளாச்சி போயிருந்தேன். "அண்ணா, கரெண்டைப் புடுங்கிடட்டுமா?" என்று போனில் பையன் கேட்டான்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில லேப்டாப்பில் எஃப்என் பட்டனும் சேர வேண்டும். கறுப்புத் திரையில் லாகின் கேட்கும். பாஸ்வேர்டு அடிக்கும்போது ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்டும் செத்துப்போச்சு என்று அவன் பயந்துவிட்டான். பேசாமல் அடித்து என்டர் தட்டினால் போதும்.

அடுத்து, ஆங்கில எழுத்தில் ஒரே வரி: சூடோ, இடைவெளி, சிஸ்டம்சிடிஎல், இடைவெளி, ரீஸ்டார்ட், இடைவெளி, டிஸ்ப்ளே-மேனேஜர். சிஸ்டம் என்பதோடு சி, டி, எல் ஒட்டியே வரும். டிஸ்ப்ளேக்கும் மேனேஜருக்கும் நடுவில் சின்னக் கோடு. லாகின் திரையை நடத்தும் புரோகிராம் ஜிடிஎம், லைட்டிஎம், எஸ்டிடிஎம் என்று உங்கள் சிஸ்டத்தில் எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் இந்தப் பொதுப்பெயருக்கே கட்டுப்படும். சில நொடியில் பழைய லாகின் திரை வந்து நிற்கும்.

திறந்திருந்த ஃபைல்கள் எல்லாம் இதில் மூடிவிடும், சேமிக்காதது போய்விடும். ஆனால் பிரிண்டர் நிற்கவில்லை! அச்சு வரிசையைப் பார்த்துக்கொள்ளும் கப்ஸ் தனி சர்வீஸ். திரை செத்தாலும் அது பாட்டுக்குத் தாள் தள்ளிக்கொண்டிருக்கும். கரெண்டைப் பிடுங்கியிருந்தால் மிச்ச நோட்டீஸ் அம்போ.

இப்போதெல்லாம் இந்த வரிக்கு முன்னால் நான் டாப் என்று அடித்து, எந்தப் புரோகிராம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கிறேன். பல நேரம் பிரவுசர்தான் மெமரியைத் தின்றுகொண்டிருக்கும். க்யூ தட்டி வெளியே வந்து, பி-யோடு கில் ஒட்டி, இடைவெளி, ஃபயர்பாக்ஸ் என்று பிரவுசர் பெயரை அடித்து அதை மட்டும் முடித்துவிட்டு, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தினால் திரை பிழைத்திருக்கும், மற்ற ஃபைலும் தப்பிக்கும். சில சிஸ்டத்தில் எஃப்2-க்குப் பதில் எஃப்1 அல்லது எஃப்7. அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் ஃபைல் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, அந்தத் திரைக்குத் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

என்விடியா கிராபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் போடுவது மாதிரி வேலைக்குத் திரையை நிறுத்தியே வைக்க வேண்டுமென்றால், ரீஸ்டார்ட் இருக்கும் இடத்தில் ஸ்டாப். முடிந்ததும் ஸ்டார்ட். இதை டெஸ்க்டாப்பில் திறந்த டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், அடிக்காதீர்கள். ஸ்டாப் அடித்ததும் டெர்மினலும் சேர்ந்து போய்விடும். உட்கார்ந்த கிளையை வெட்டின கதைதான்.

எஃப்3-க்கே அசையவில்லையா? வேறு சிஸ்டத்திலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் முன்பே போட்டு வைத்திருந்தால் பக்கத்து சிஸ்டத்திலிருந்து நுழைந்து அதே வரியை அடிக்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், சரி, பவர் பட்டன்.