சூடான எரிபொருள் கலத்துக்குள் எப்படிப் பார்க்கிறார்கள்?

கேள்வி: 700, 800 டிகிரி செல்சியஸில் இயங்கும் எரிபொருள் கலங்களுக்குள் நடக்கும் வேதிவினைகளை ஒளியைக் கொண்டு ஆராய்கிறார்களாம். தானே கனன்றுகொண்டிருக்கும் பொருளின்மேல் ஒளியைப் பாய்ச்சி எதைப் பார்க்க முடியும்? மின்னழுத்தத்தை அளந்தால் போதாதா?
– வாசகர் ஒருவர்

பதில்: மின்னழுத்தம் சரிந்தது என்று மின்னளவி சொல்லும், ஏன் சரிந்தது என்று சொல்லாது. எரிபொருளின் வேதி ஆற்றலை நேரடியாக மின்சாரமாக மாற்றுவது எரிபொருள் கலம். அதன் ஒரு வகையான திண்ம ஆக்சைடு எரிபொருள் கலத்தில், காற்றின் ஆக்சிஜன் அயனியாகி, இட்ரியம் கலந்த சிர்கோனியா என்ற பீங்கான் அடுக்கைக் கடந்து, மறுபுறத்து நிக்கல் மின்வாயில் எரிபொருளோடு வினைபுரிகிறது. எரிபொருள் மீத்தேனாக இருந்தால் நிக்கலின்மேல் கரி படியலாம். சில நிலைகளில் நிக்கலே ஆக்சைடாக மாறலாம். கலத்தைக் குளிரவைத்து உடைத்துப் பார்ப்பது பழைய வழி. ஆனால் குளிரும் நேரத்திலேயே மேற்பரப்பு மாறிவிடக்கூடும் என்பதால், அந்தச் சாட்சியத்தை முழுக்க நம்புவதற்கில்லை.

கனலைப் பற்றிய உங்கள் ஐயம் மிகச் சரியானது. இந்த வெப்பநிலையில் பொருள்கள் உமிழும் ஒளி பெரும்பாலும் அகச்சிவப்பிலும், ஓரளவு சிவப்பிலும்தான் இருக்கிறது. நீலத்திலும் பச்சையிலும் மிகக் குறைவு. ஆகவே உலையின் குவார்ட்ஸ் சாளரம் வழியே, சூடுபடாத தொலைவில் வைத்த வில்லையைக் கொண்டு, 488 நானோமீட்டர் நீல லேசரை மின்வாயின்மேல் குவிக்கிறார்கள். அங்கே கிராஃபைட் கரி இருந்தால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு ஏறத்தாழ 529 நானோமீட்டரில், பச்சையாகத் திரும்புகிறது. பொருளின் அணுக்களை அதிரவைப்பதில் ஆற்றலின் ஒரு பகுதியை இழப்பதால் ஒளியின் நிறம் மாறுகிறது; சர் சி. வி. ராமன் 1928இல் கல்கத்தாவில் கண்டறிந்த விளைவுதான் இது. திரும்பும் ஒளியை நிறவாரியாகப் பிரித்த நிறமாலையில் இது ஒரு கோடாகத் தெரியும். மீத்தேனைச் செலுத்தியதும் இந்தக் கோடு எழுவதையும், கலத்திலிருந்து மின்னோட்டத்தை எடுக்கும்போது, வந்துசேரும் ஆக்சிஜன் அயனிகள் கரியை எரிப்பதால் அது தாழ்வதையும் கலம் இயங்கும்போதே பார்க்கலாம். கரியின் அளவு மட்டுமன்றி அதன் ஒழுங்கும் தெரிகிறது. ஒழுங்கு குலைந்த கரி ஏறத்தாழ 522 நானோமீட்டரில் இன்னொரு கோட்டையும் காட்டும்.

அமெரிக்காவில் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகமும் கடற்படை ஆய்வுக்கூடமும் இத்துறையில் முக்கியமான பணி செய்துள்ளன. அகச்சிவப்புப் படக்கருவியையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள்: வெப்பத்தை உறிஞ்சும் வினை நடக்கும் இடம் குளிர்வதும், கரி எரியும் இடம் சூடாவதும் அதில் பதிவாகின்றன.

ஆயினும் மின்னளவீட்டைக் கைவிட முடியாது. நிக்கல் ஆக்சைடு ராமன் நிறமாலையில் தெரியும். உலோக நிக்கல் தெரியாது. மேலும், லேசர் காண்பது மின்வாயின் வெளிப்புறத்தை மட்டுமே. மின்வேதிவினையோ பெரும்பாலும் சிர்கோனியாவை ஒட்டிய சில மைக்ரோமீட்டர் பகுதியில்தான் நடக்கிறது.