‘இனிக்விட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? ‘இன்ஜஸ்டிஸ்’ என்பதும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. இன்ஜஸ்டிஸ் என்றால் அநீதி. நியாயமாகக் கிடைக்க வேண்டியது ஒருவருக்குக் கிடைக்காமல் போனால், விஷயம் சின்னதோ பெரியதோ, அதைச் சொல்லலாம். இனிக்விட்டி கொடிய அநீதி. ‘இது பாவம்’ என்கிற கண்டனமும் அதில் சேர்ந்தே வரும்.

லத்தீனில் ‘ஏக்வுஸ்’ என்றால் சமமானது, மேடுபள்ளம் இல்லாதது. அதற்கு எதிர்ச்சொல்லாகப் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. வேர் சாதுவானதுதான், சமயப் பேச்சில் புழங்கிப் புழங்கிக் கனம் ஏறிவிட்டது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அடிக்கடி வரும். ‘அக்கிரமச் செய்கைக்காரரே, என்னைவிட்டு அகன்றுபோங்கள்’ என்று தமிழ் வேதாகமத்தில் படித்திருப்பீர்கள். அந்த ‘அக்கிரமம்’ இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் இருப்பது இனிக்விட்டி.

சரி, எங்கே பயன்படுத்துவது? எனக்கு உடனே நினைவுக்கு வருவது 1833இல் பிரிட்டன் கொண்டுவந்த அடிமை ஒழிப்புச் சட்டம். அதில் 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கினார்கள். யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. தலைமுறை தலைமுறையாக உழைத்துச் செத்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு காசும் இல்லை. அப்புறமும் அவர்களில் பெரும்பாலோர் ‘பயிற்சித் தொழிலாளர்’ என்ற பெயரில், 1838 வரை பழைய முதலாளிகளிடமே வாரத்தின் பெரும்பகுதி கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டியிருந்தது. எல்லாமே சட்டப்படி நடந்தது. அதனால் ‘இல்லீகல்’ என்று சொல்ல வழியில்லை. வெறும் இன்ஜஸ்டிஸ் என்று எழுதினால் எனக்கு மனம் ஆறாது. சட்டத்தின் பெயராலேயே கொடுமை நடக்கும் இப்படிப்பட்ட இடத்துக்கு இனிக்விட்டிதான் சரியான சொல்.

பெயரடை ‘இனிக்விட்டஸ்’. கொடுங்கோல் சட்டத்தை ‘இனிக்விட்டஸ் லா’ என்பார்கள். ஏழைகளை வதைக்கும் வரிக்கும் அது பொருந்தும். ‘டென் ஆஃப் இனிக்விட்டி’ என்றொரு வழக்கும் உண்டு. அங்கே அநீதி என்ற பொருள் இல்லை. ஒழுக்கக்கேடு நடக்கும் இடம் என்று பொருள்.

பலர் குழம்புவது ‘இனெக்விட்டி’ என்ற சொல்லோடுதான். ஒலியில் ஓர் உயிரெழுத்து மட்டுமே வேறு, வேரும் அதே லத்தீன் வேர்தான். ஆனால் இனெக்விட்டி என்பது வாய்ப்பு, வசதி, சிகிச்சை போன்றவை நியாயமில்லாமல் ஏற்றத்தாழ்வாகக் கிடைப்பதைக் குறிக்கும். பொதுச் சுகாதாரத் துறையில், தவிர்த்திருக்கக்கூடிய, நியாயமற்ற உடல்நல வேறுபாடுகளுக்கு அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள். அறிக்கை எழுதும்போது இரண்டையும் மாற்றிப் போட்டால், குறையைச் சுட்டிக்காட்ட நினைத்தவர் பாவி என்று திட்டியதாக ஆகிவிடும்.

இன்னொன்று, பேச்சு வழக்கை வைத்து இதை மொழிபெயர்க்காதீர்கள். வரிசையில் ஒருவர் குறுக்கே புகுந்தால்கூட நாம் ‘என்ன அக்கிரமம் இது!’ என்போம். ஆங்கிலத்தில் இனிக்விட்டி அன்றாடப் பேச்சுக்கு வராது. கட்டுரையிலும் மேடைப்பேச்சிலும்தான் பார்க்கலாம். வரிசைத் தகராறுக்கு ‘அன்ஃபேர்’ போதும். கோபம் அதிகமென்றால் ‘அவுட்ரேஜஸ்’ போடுங்கள்.